களத்தில் கேட்கக் கூடாத கேள்வி

தம்பிமாரே,

வருகிற தேர்தலுக்குப் பிறகு உங்களில் சிலர் மெம்பர்மாருக்கு ஆளாக நிற்கப் போகிறீர்கள் என்று அறிந்தேன். உங்களிடம் வந்து பேசும்படி என்னைக் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு இன்றும் வராது. மெம்பரோடு அலைந்த காலத்தை மேடைக்குப் பின்னால் நின்றே கழித்தவன் நான். ஆகவே எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெம்பரின் ஆள் என்றால் என்ன வேலை என்று யாரும் உங்களுக்கு ஒழுங்காகச் சொல்லமாட்டார்கள். அவருக்கு முன்னே ஓர் ஊருக்குப் போய் யாருக்கு என்ன குறை என்று கேட்டு வைக்க வேண்டும். அவருக்குப் பின்னே அதே ஊருக்குப் போய், சொன்னது ஏன் நடக்கவில்லை என்று ஏச்சு வாங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அவர் மாலையோடு பேசுவார். அந்த நேரம் நாங்கள் மரநிழலில் நிற்கலாம். எந்த அரசாங்கக் கந்தோரில் யாரைப் பிடிப்பது, எந்த ஊரில் யாரை முதலில் கும்பிடுவது என்பதையெல்லாம் ஒரு மாரி கழிவதற்குள் நீங்களே படித்துக்கொள்வீர்கள். நான் எழுத வந்தது ஒரு கேள்வியையும் ஒரு பதிலையும் பற்றி. இதைப் படித்து உங்களுக்கு உதவி ஏதும் கிடைக்குமோ, எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைக்கவில்லை.

உலகமெங்கும் வியாபாரம் படுத்த காலம் அது. எங்கோ சீமையில் விலை விழுந்தது என்றார்கள். அது எங்கள் வாவிக்கரைக்கு வந்து சேர அதிக காலம் செல்லவில்லை. கொப்பறா விலை போனதும் எழுவான்கரைத் தென்னந்தோட்டங்கள் ஆட்களை நிறுத்தின. காத்தான்குடியில் தறிச் சத்தம் குறைந்தது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எங்களுக்கு வேளாண்மை ஒன்றுதான். அறுவடை முடிந்தால் கிழக்கே தோட்டக் கூலிக்குப் போவோம். அந்த வருடம் கூலியும் இல்லை. மழை பிந்தி வந்து முந்திப் போயிற்று. பயிரில் பெரும்பகுதி கதிர் வெளிவராமல் குடலையிலேயே காய்ந்தது.

எங்கள் மெம்பரை ஐயா என்றே எழுதுகிறேன். பழுகாமத்துப் பக்கம் ஒரு போடியார் குடும்பம், நிலபுலமுள்ள வீடு. கொழும்பில் படித்து அப்புக்காத்து, அதாவது பெரிய வக்கீல், ஆனவர். இப்போது பார்லிமெண்டு என்கிறார்கள். அப்போது நாங்கள் சபை என்போம். கட்சிகள் பெரிதாக இல்லை. மந்திரிமார் ஒரு பக்கம், அவர்களைக் கேள்வி கேட்கிறவர்கள் மறு பக்கம். ஐயா மறு பக்கம்.

படுவான்கரை வட்டைகளுக்கு, அதாவது எங்கள் வயல் வெளிகளுக்கு, அரசாங்கம் விதைநெல் கொடுக்க வேண்டும் என்று ஐயா சபையில் கேட்டார். விவசாயத்துக்குப் பொறுப்பான மந்திரி சிரித்துக்கொண்டு, மட்டக்களப்பு நெல் விளைகிற சீமை, அங்கே விதைக்கு நெல் இல்லை என்றால் யார் நம்புவது என்றாராம். ஐயா எழுந்து, "நம்ப வேண்டாம். உங்கள் ஆளை அனுப்புங்கள். என் சனத்திடம் நேரே கேளுங்கள். அவர்கள் வாயால் வருவதை இந்தச் சபையில் வாசியுங்கள். அதற்கு நான் கட்டுப்படுகிறேன்" என்று சவால் விட்டார். மேசைகளைத் தட்டினார்கள். அனுப்புகிறேன் என்றார் மந்திரி. நாங்கள் வென்றுவிட்டோம் என்று நினைத்தோம். ஊரில் வெடிகூடக் கொளுத்தினார்கள்.

உத்தியோகத்தர் வந்தால் பள்ளிக்கூட மண்டபத்தில் இருத்தி, சில விவசாயிகளை ஒவ்வொருவராகப் பேச வைப்பது என்பது ஐயாவின் ஏற்பாடு. ஆட்களைப் பிடிப்பது என் வேலை. முதலில் நான் போனது கோணாமலையிடம்.

கோணாமலை என்னோடு படித்தவன். ஒரு போடியாரின் வயலைப் பங்குக்குச் செய்கிற முல்லைக்காரன். வாயில் பகிடி குறையாதவன். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் போய்க் குடியிருப்பான். அவனும் மனைவி பொன்னம்மைக்கு அவள் தாய் கொடுத்த வீட்டில்தான் பிள்ளைகளோடு இருந்தான். வரும் மாரிக்கு விதை கிடைக்காவிட்டால் வயலை எருமைக்கு விட்டுவிடுவேன் என்று போடியார் சொல்லிவிட்டார். வயல் போனால் அவனுக்கு அந்த ஊரில் வேறு தொழில் இல்லை. பொன்னம்மை தாய்வீட்டைப் பூட்டிக்கொண்டு புருசனோடு பெயர வேண்டும். எங்கள் பெண்களுக்கு அது எப்படிப்பட்ட காரியம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"மச்சான், துரை வந்தா நான் என்னத்தச் சொல்ல?" என்றான்.

"உள்ளதச் சொல்லு."

"உள்ளதுக்கு நான் எங்க போக? வெறும் பானையக் கவிட்டுத் தலையில போட்டுக்கொண்டு வாறன். நானும் தொப்பி போட்ட துரை எண்டு நினைச்சிக் கைகுடுப்பார்."

உள்ளே இருந்து பொன்னம்மை, "பானை உடைஞ்சா அடுத்த பானைக்கு எங்க போற? வாய வைச்சிக்கொண்டு சும்மா இருங்க" என்றாள்.

உத்தியோகத்தர் சொன்ன நாளுக்கு முதல் நாளே வந்துவிட்டார். அவரோடு மொழிபெயர்க்க ஒருவர். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஐயா பள்ளிக்கூடத்துக்கு வழி காட்டினார். உத்தியோகத்தர் மறுத்தார். கூட்டி வைத்த ஆட்களிடம் கேட்டால் கூட்டி வைத்த பதில்தான் வரும், வேலை செய்கிற இடத்திலேயே பார்க்கிறேன் என்றார். தூரத்தில் ஒரு களவெட்டியில் மாடு கட்டிச் சூடு மிதிப்பது, நெல்லை உதிர்ப்பது, தெரிந்தது. வரம்பில் இறங்கி நேரே களவெட்டியை நோக்கி நடந்தார்.

ஐயாவுக்கு முகம் மலர்ந்தது. "இதுதானடா நல்லம். குவியலைக் கண்ணால காணட்டும்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

களத்துக்குள் செருப்போடு போகக் கூடாது. ஐயா அதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். உத்தியோகத்தர் உடனே குனிந்து சப்பாத்தைக் கழற்றி, காலுறையையும் உருவி, வெறுங்காலோடு வைக்கோலில் நடந்து வந்தார். நல்ல மனிதர். இதை நான் எழுதத்தான் வேண்டும். அவர் கெட்டவராக இருந்திருந்தால் பின்னால் எங்களுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

பட்டினத்தில் பிறந்த தம்பிமாருக்காக ஒன்றைச் சொல்கிறேன். களத்துக்குள் நாங்கள் நெல்லை நெல் என்பதில்லை, பொலி என்போம். குறைந்தது, முடிந்தது, இல்லை என்ற சொற்கள் அங்கே வாயில் வரக் கூடாது. வந்தால் இருக்கிற பொலியையும் பூதம் அள்ளிக்கொண்டு போகும் என்பது எங்கள் நம்பிக்கை. முடிந்துபோனால் பெருகிற்று என்போம். ஒன்றுமே இல்லையென்றால் நிறைந்து கிடக்கிறது என்போம். கேட்கிறவன் குவியலையும் சொல்கிறவன் முகத்தையும் பார்த்து விளங்கிக்கொள்வான். குழந்தையிலிருந்து காதில் விழுந்த பேச்சு. அதை ஒரு வழக்கம் என்றுகூட நாங்கள் நினைத்ததில்லை. மூச்சு விடுவதை யாராவது வழக்கம் என்பார்களா?

அன்று அங்கே கோணாமலைதான் சூடு மிதித்துக்கொண்டிருந்தான். மாடுகளை நிறுத்திவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்துக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான். சுற்றி ஊர் ஆட்கள்.

"இம்முறை விளைச்சல் எவ்வாறு?" என்று மொழிபெயர்ப்பவர் கேட்டார்.

கோணாமலை குவியலைப் பார்த்தான். மாடு படுத்து எழும்பின இடம் அளவுக்கு இருந்தது. "பொலி பெருகிற்று ஐயா."

"சென்ற ஆண்டைவிடவா?"

"போன வருசத்த விடப் பெருகிற்று." அவன் குரல் கம்மியது.

"வீட்டில் உணவுக்கு இருக்கிறதா?"

"நிறைஞ்சு கிடக்கு."

பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். ஐயா உத்தியோகத்தரைப் பார்த்து, கேட்டீர்களா என்பதுபோலக் கையை விரித்தார்.

"அப்படியானால், அடுத்த விதைப்புக்கு விதைநெல்?"

கோணாமலைக்குக் கண் கலங்கிவிட்டது. "அதுவும் பெருகிற்று ஐயா. எல்லாம் பெருகிற்று. வீடு வளவெல்லாம் நிறைஞ்சு வழியுது" என்றான்.

அதற்கு மேல் அழுத்திச் சொல்ல எங்கள் பேச்சில் சொல் கிடையாது. அங்கே நின்ற எல்லோருக்கும் இல்லை, இல்லை, ஒன்றுமே இல்லை என்றுதான் கேட்டது. மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உத்தியோகத்தர் கலங்கிய கண்ணைப் பார்த்துச் சந்தோசக் கண்ணீர் என்று எண்ணினாரோ என்னவோ, அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஐயா அதை அனுதாபம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு கோணாமலை வரம்புக்கு வந்தான். "எப்பிடி மச்சான், ஒழுங்காச் சொன்னனா?"

"ஒழுங்காச் சொன்னாய்."

"தோளில தட்டினார் கண்டியா? விதை வரும் மச்சான்."

ஐயா தன் கையாலேயே அவனுக்கு ஒரு சுருட்டுக் கொடுத்தார்.

சபை மீண்டும் கூடியபோது ஐயா என்னையும் கொழும்புக்கு அழைத்துப் போனார். வெல்லுகிறதை நீயும் பார்க்க வேண்டும் என்றார். கடலைப் பார்த்த பெரிய கட்டடம். மேலே சனங்கள் இருந்து பார்க்க ஒரு மாடம். எனக்கு இங்கிலீசு தெரியாது. பக்கத்தில் காத்தான்குடி உதுமான் காக்கா இருந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். ஊரில் நெய்து விற்காத சாரங்களைக் கொழும்பிலாவது விற்கலாம் என்று மூட்டையோடு வந்து, அங்கும் விற்காமல் இருந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதால் அவர்தான் எனக்குக் காது.

ஐயா எழுந்தார். அவர் பேசுவதை எத்தனையோ ஊரில் கேட்டிருக்கிறேன். அன்றுபோல ஒரு நாளும் இல்லை. குரல் உயரவில்லை.

"என்ன காக்கா சொல்லுறார்?" என்றேன்.

"பொறுங்க தம்பி, ருசியா இரிக்கி. வருமானம் குறைஞ்ச எண்டு கிளாக்குமார்ட சம்பளத்த வெட்டினீங்க, செலவு கூடின எண்டு ரோட்டு வேலைய நிப்பாட்டினீங்க, இப்ப கணக்கு நேராகிட்டு எண்டு பெருமை பேசுறீங்க. மனிசர வெளிய விட்டுப்போட்டுக் கூட்டினா எந்தக் கணக்கும் நேராத்தான் வரும் எண்டு செல்றாரு." காக்கா தொடையில் தட்டினார். "அல்லாஹ்! இதுக்கு அவன் என்ன மறுமொழி செல்லப் போறான்?"

மந்திரி மெதுவாக எழுந்தார். மட்டக்களப்பு மெம்பர் தம் மக்களின் வாயால் வருவதற்குக் கட்டுப்படுவதாகச் சொன்னது நினைவிருக்கும் என்றார். பிறகு உத்தியோகத்தரின் அறிக்கையை வாசித்தார். வாசிக்க வாசிக்கக் கீழே சிரிப்பு எழுந்தது. காக்கா எனக்குச் சொல்வதை நிறுத்திவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தார்.

"என்ன காக்கா?"

"உங்கட ஊர்ல கோணாமலை எண்டு ஒராள் இரிக்காரா?"

"ஓம்."

"விதைநெல் கிடக்கா எண்டு கேட்டதுக்கு, பெருகிட்டு எண்டு செல்லிருக்காராமே?"

"ஓம், பெருகிற்றுத்தானே" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதிலும் விழுந்தது.

கீழே ஐயாவைப் பார்த்தேன். அவருக்கும் அந்த நொடியில்தான் விழுந்தது. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. போடியார் வீட்டுப் பிள்ளை, களத்தில் வளர்ந்தவர், பத்திரம் வாசிப்பதில் சமர்த்தர் என்று கொழும்பே சொன்னவர். அவருடைய காதும் என்னுடைய காதும் அந்தக் களவெட்டியில் ஒரே காதாக இருந்திருக்கின்றன.

தம்பிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் மெம்பரும் ஒரு நாள் இப்படி நிற்பார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். யோசிக்க நேரம் இருக்காது. அன்று ஐயாவுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, சிரிப்பை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்து, வேறொரு நாள் வேறு ஆட்களோடு வருவது. மற்றது, எழுந்து விளக்குவது.

அவர் எழுந்தார். களத்தின் வழக்கத்தை விளக்கினார். நன்றாகவே விளக்கினார் என்று காக்கா சொன்னார். சபை அமைதியாகக் கேட்டது. சிரித்தவர்கள்கூடத் தலையாட்டினார்களாம். பொலி என்ற சொல்லை ஐயா இங்கிலீசுக்கு நடுவில் சொன்னபோது எனக்கே விளங்கியது. வெல்லப் போகிறோம் என்று மறுபடியும் நினைத்தேன்.

மந்திரி மறுபடி எழுந்தார். அவர் சொன்னதைக் காக்கா எனக்குச் சொன்ன விதமாகவே எழுதுகிறேன்.

"மட்டக்களப்பு மெம்பருக்கு நன்றி. அவருடைய மக்கள் இருக்கிறது என்று சொன்னால் இல்லை என்று பொருள். ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால், பட்டினி கிடக்கிறோம் என்று அவர்கள் சொல்வதாக இத்தனை மாதமும் இந்தச் சபையில் அவர் சொல்லி வந்தாரே, அதற்கு நாங்கள் என்ன பொருள் கொள்வது?"

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு சிரிப்பு. மந்திரி பக்கம் மட்டுமில்லை, எங்கள் பக்கம் இருந்தவர்களும் மேசையில் குனிந்து சிரித்தார்கள். நல்ல பகிடிதான். வேறு ஊரைப் பற்றியதென்றால் நானும் சிரித்திருப்பேன். ஐயா நின்றுகொண்டே இருந்தார். சபைத் தலைவர் இரண்டு முறை உட்காரச் சொன்னார். பிறகு உட்கார்ந்தார். விதைநெல் பேச்சு அத்தோடு முடிந்தது.

வெளியே கடற்கரையில் மூவரும் நடந்தோம். காக்காதான் பேசினார்.

"ஐயா, மனசில வைக்காதீங்க. அந்த ஆள் நேரடியா இல்லை எண்டு செல்லிருந்தாலும், அது மெம்பர் செல்லிக்குடுத்த பேச்சு எண்டுதான் வாசிச்சிருப்பானுகள். குடுக்கிறல்ல எண்டு முடிவெடுத்த பிறகுதானே ஆள அனுப்பின."

"அப்பிடித்தானா காக்கா?"

"அப்பிடித்தான் இரிக்கும்."

"இரிக்கும் எண்டுதானே சொல்லுறீங்க. இனி அது ஒருத்தருக்கும் தெரியவராது" என்றார் ஐயா.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம் என்று நான் பல காலம் நினைத்தேன். இப்போது அதுவும் சரியாகப் படவில்லை. அவர் எழுந்திராவிட்டால் கோணாமலை ஒருவன் பொய்யன் ஆகியிருப்பான். அவனைப் பொய்யனாக விடக் கூடாது என்று எழுந்தார். எழுந்து எங்கள் எல்லோரையும் பொய்யர் ஆக்கிவிட்டார். தன் சனம் ஏன் இப்படிப் பேசுகிறது என்று அடுத்தவனுக்கு விளக்க வேண்டி வந்தால் அங்கேயே பாதி தோற்றாயிற்று. மிச்சப் பாதியை, விளங்கிக்கொண்ட பிறகு அவன் எடுத்துக்கொள்வான்.

நாங்கள் ஊர் வந்து சேர முன்பே செய்தி வந்திருந்தது. பசித்த ஊருக்கு ஏச ஒரு ஆள் வேண்டியிருந்தது. அரசாங்கம் தூரத்தில் இருந்தது. கோணாமலை பக்கத்தில் இருந்தான். பெருகிற்றுப் போடியார் என்று அவனுக்குப் பெயர் வைத்தார்கள்.

"போடியார், எங்க பயணம்? வழியிற நெல்லைக் கட்டுறதுக்குச் சாக்கு வாங்கவோ?"

"ஓமடா, உன்ட வாயையும் சேத்துக் கட்டலாம் எண்டுதான்" என்று முதலில் அவனும் திருப்பிக் கொடுத்தான். பிறகு சிரித்து மட்டும் வைத்தான். பிறகு அதுவும் இல்லை. ஒரு நாள் பொன்னம்மை கிணற்றடியில் பொங்கி எழுந்தாள். "என்ட புரிசன் களத்துக்குள்ள நிண்டு இல்லை எண்டு சொல்லியிருந்தா, நீங்களே அடிச்சுச் சாக்காட்டியிருப்பீங்க! வட்டையில பூதத்தக் கூப்பிட்டவன் எண்டு திட்டியிருப்பீங்க! இல்லையெண்டு ஒருத்தி சொல்லுங்ககா பாப்பம்!" அவள் சொன்னது முழுக்க உண்மை. அதற்காகப் பெயர் மாறவில்லை.

ஐயா சும்மா இருக்கவில்லை. தன் வீட்டு நெல்லைப் பங்கிட்டுக் கொடுத்தார். அத்தனை வயலுக்கும் ஒரு வீட்டு நெல் எந்த மூலைக்கு? கிடைத்தவர்களில் பாதிப் பேர் அதைக் குத்திச் சமைத்துவிட்டார்கள். பிள்ளை அழும்போது ஐப்பசி விதைப்பைப் பற்றி யார் நினைப்பார்கள்? கோணாமலையும் சமைத்தான். நானும் சமைத்தேன்.

பிறகு ஐயா கோணாமலையைப் பட்டினத்துக்கு, ஒரு பெரிய கந்தோருக்கு அழைத்துப் போனார். களமில்லை, சீமெந்துத் தரை. இங்கே நின்று சொல்லட்டும் என்றார். கோணாமலை அங்கே நின்று சொன்னான். "இல்லை ஐயா. நெல் இல்லை. விதை இல்லை. வீட்டில ஒண்டும் இல்லை ஐயா." மேசைக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். சபையில் முடிந்த விஷயத்தில் தம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

வெளியே வந்ததும் கோணாமலை வாவிக்கரைக்கு இறங்கிப் போனான். தண்ணீரை அள்ளி வாயைக் கொப்பளித்துத் துப்பினான். மறுபடி கொப்பளித்தான். "இந்தச் சொல்ல இத்தனை தரம் நான் ஒரு நாளும் சொன்னதில்ல மச்சான்" என்றான்.

மாரி வந்தது. அந்த வருடம் நல்ல மழை. விதைத்திருந்தால் விளைந்திருக்கும். வட்டை முழுவதும் புல் வளர்ந்து எருமை மேய்ந்தது.

ஒரு காலை நேரம் எழுவான்கரையில் ஐயாவுக்கு ஒரு கூட்டம். கொப்பறாக்காரர்கள் ஏற்பாடு செய்தது. அரசாங்கத்தைத் தாக்கிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வள்ளத் துறைக்கு வந்தோம். வள்ளத்தில் கோணாமலை குடும்பம் இருந்தது. பாய், சட்டி பானை, கயிற்றில் கட்டிய ஒரு பெட்டி. திருகோணமலைப் பக்கம் காடு வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நிச்சயம் ஏதும் இல்லாமலே புறப்பட்டிருந்தார்கள். பொன்னம்மை பூட்டிய வீட்டின் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்து, அந்த முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஐயாவைக் கண்டதும் கோணாமலை எழுந்து இடம் விட்டான். ஐயா அதில் உட்காரவில்லை. வள்ளம் நகர்ந்தது. வேறு ஆட்களும் இருந்தார்கள். அன்று ஒருவனும் பெருகிற்றுப் போடியார் என்று கூப்பிடவில்லை.

"ஐயா, ஒண்டு கேட்கட்டா?" என்றான் கோணாமலை.

"கேளு."

"அண்டைக்குக் களத்தில நிண்டு நான் என்ன சொல்லியிருக்க வேணும்?"

அவன் குற்றமாகக் கேட்கவில்லை. படித்தவர், தெரிந்திருக்கும் என்று கேட்டான். வள்ளக்காரன்கூடக் கம்பு ஊன்றித் தாங்குவதை நிறுத்திவிட்டு ஐயாவைப் பார்த்தான். ஐயா யோசித்தார். சும்மா யோசிக்கிற பாவனை இல்லை, உண்மையாகவே யோசித்தார். நானும் யோசித்தேன். தெரிந்த சொல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

"நீ சொன்னதுதான் சரி, கோணாமலை" என்றார் கடைசியில்.

"அப்ப ஏன் ஐயா?"

பொன்னம்மை அவன் கையைப் பிடித்து, "விடுங்க" என்றாள்.

கரை வந்தது. அவர்கள் சாமான்களை இறக்கினார்கள். கோணாமலை பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தெருவில் ஏறி வடக்கே நடந்தான். பிள்ளைகள் பின்னால் போனார்கள். திரும்பி வந்தார்கள் என்று நான் இதுவரை கேள்விப்படவில்லை. அந்த வீட்டுக் கூரை பிறகு வந்த ஒரு மாரியில் விழுந்தது.

கூட்டத்துக்கு வந்த சனம் தென்னைகளுக்கு நடுவே தெரிந்தது. மாலையோடு இரண்டு பேர் துறைக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஐயா வள்ளத்தில் நின்றபடியே இருந்தார்.

"இறங்கல்லையா ஐயா?" என்று வள்ளக்காரன் கேட்டான்.

"திருப்பு" என்றார்.

மாலை கொண்டு வந்தவர்கள் கரையில் நின்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் இருவருமாக வெறும் வள்ளத்தில் படுவான்கரைக்குத் திரும்பினோம். அவர் தன் வீட்டுக்குப் போனார், நான் என் வீட்டுக்குப் போனேன். மறுநாள் அவர் என்னைக் கூப்பிட ஆள் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன்.